ஒன்பது சீசன், ஏழு கிளப்: கையெழுத்துப் போடுமுன்

கேள்வி: எனக்கு வயது 28. கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர்ப் பகுதியில் ஒரு மீனவக் கிராமம் என் ஊர். கால்பந்தில் ரைட் பேக் (வலப் பக்கத் தடுப்பாட்டக்காரர்) ஆடுகிறேன். சென்னை சீனியர் டிவிஷனில் தொடங்கி, ஒன்பது சீசன்களில் ஏழு கிளப்களுக்கு ஆடிவிட்டேன். கேரளம், கோவா, வங்காளம், மணிப்பூர் என்று போன இடமெல்லாம் பத்து மாத ஒப்பந்தம்தான். மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபியில் தமிழ்நாட்டுக்காக இரண்டு முறை ஆடியிருக்கிறேன். கடைசியாக ஆடிய கிளப்பின் ஒப்பந்தம் ஏப்ரல் 30-ஆம் தேதி முடிந்தது. இரண்டு மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை. இப்போது வடக்கே ஒரு கிளப் ஓராண்டுக்கு அழைக்கிறது. பழைய கிளப் எனக்குத் தர வேண்டிய பாக்கி எதுவும் இல்லை என்று அதற்கு எழுதிக் கொடுத்தால்தான் விடுவிப்புக் கிடைக்கும் என்கிறார் ஏஜென்ட். இரண்டு நாளில் முடிவு சொல்ல வேண்டுமாம். இதற்கிடையில் ஒரு மத்திய அரசுத் துறை அணி அடுத்த மாதம் தேர்வுக்கு அழைத்திருக்கிறது; தேர்வானால் எழுத்தர் வேலை. மனைவி அலைந்தது போதும் என்கிறாள். ஜூனில் மகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். ஊரில் என்னை ஒரு இடத்தில் நிலைக்காதவன் என்கிறார்கள். நான் தோற்றுவிட்டேனா? எதில் கையெழுத்துப் போடுவது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்; கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்:

அன்புள்ள தம்பி,

பாக்கி இல்லை என்று எழுதியிருக்கும் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மற்ற எல்லாவற்றையும் நிதானமாகப் பேசலாம். இது மட்டும் அவசரம் என்பதால் முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். முத்திரைத் தாளில் ஆங்கிலத்தில் நான்கு வரிகள். சேர வேண்டியதெல்லாம் முழுமையாகவும் இறுதியாகவும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று மூன்றாவது வரி சொல்கிறது. தொகை எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. தேதியும் இல்லை. நீங்கள் கையெழுத்திட்ட மறுநாள் அந்த வெற்றிடத்தில் எந்த எண்ணையும் எழுதிக்கொள்ளலாம். இரண்டு மாத உழைப்பை நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். பிறகு நானோ வேறு வழக்கறிஞரோ எவ்வளவு வாதாடினாலும், எதிர்த்தரப்பு அந்த ஒரே தாளை எடுத்து நீட்டும். வீரர்களின் ஒப்பந்த வழக்குகளைப் பார்ப்பது என் தொழில். நியாயம் முழுக்க வீரர் பக்கம் இருந்தும் இப்படி ஒரு தாளால் கை நழுவிய பணத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அந்தக் காகிதம் உங்களுக்குத் தேவையும் இல்லை. ஒப்பந்தம் முடிந்த வீரர் யாருக்கும் கட்டுப்பட்டவர் அல்ல. ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே வேறு கிளப்புடன் அடுத்த சீசனுக்கு ஒப்பந்தம் செய்துகொள்ள உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் இடமாற்ற விதிகள் வீரருக்கு உரிமை தருகின்றன. உங்களுக்கோ ஒப்பந்தமே முடிந்துவிட்டது. புதிய கிளப் உங்களை அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தில் பதிவு செய்யும்போது பார்க்க வேண்டியது பழைய ஒப்பந்தத்தின் முடிவுத் தேதியை. சம்பள பாக்கியை விட்டுக்கொடுத்தீர்களா என்பது அதில் ஒரு கேள்வியே அல்ல. விடுவிப்பு வேண்டும் என்று ஏஜென்ட் மறுபடியும் சொன்னால், எந்த விதியின் எந்தப் பிரிவின்படி என்று மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் வராது என்று நினைக்கிறேன்.

அந்த ஏஜென்ட்டைப் பற்றியும் கொஞ்சம் விசாரியுங்கள். 2023 முதல் ஏஜென்ட்டாகத் தொழில் செய்ய ஃபிஃபாவின் தேர்வில் தேறி உரிமம் பெற்றிருக்க வேண்டும். வீரருடன் செய்யும் உடன்படிக்கை எழுத்தில் இருக்க வேண்டும். அதுவும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் போகக் கூடாது. உங்கள் கடிதத்தில் அவரோடு எழுத்தில் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. உங்கள் சார்பில் பேச வந்தவர், பழைய கிளப்புக்குச் சாதகமான தாளை ஏன் கொண்டு வருகிறார்? உறவுக்காரர் போலப் பழகுகிறார் என்கிறீர்கள். இருக்கலாம். ஆனாலும் இந்தக் கேள்விக்கு அவரிடமிருந்து ஒரு பதில் வேண்டும்.

இனி, பாக்கியை வாங்கும் வழி. வாட்ஸ்அப்பில் மேலாளர் அனுப்பிய "அடுத்த வாரம் கட்டாயம்" என்ற குரல் பதிவுகளை அழிக்காமல் வையுங்கள். ஆனால் அவற்றை மட்டும் நம்பியிருக்காதீர்கள். கிளப்பின் அதிகாரபூர்வ மின்னஞ்சலுக்கும் ஸ்பீட் போஸ்ட்டிலும் ஒரு கடிதம் அனுப்புங்கள். எந்தெந்த மாதச் சம்பளம், எவ்வளவு, ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவின்படி எந்தத் தேதியில் வந்திருக்க வேண்டும் என்று குறிப்பிட்டுப் பத்து நாள் அவகாசம் கொடுங்கள். தகுந்த காரணமின்றி 30 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடித்து, எழுத்தில் கேட்டுக் குறைந்தது 10 நாள் அவகாசம் கொடுத்த பிறகும் தராத கிளப்பைத் தண்டிக்க ஃபிஃபா விதியில் இடமுண்டு. எச்சரிக்கை, அபராதம் என்று தொடங்கிப் புதிய வீரர்களைப் பதிவு செய்யத் தடை வரை போகலாம். கிளப்கள் உண்மையில் அஞ்சுவது அந்தக் கடைசித் தண்டனைக்குத்தான். பத்து நாள் கழிந்தும் பணம் வராவிட்டால் சம்மேளனத்தின் வீரர் தகுதிநிலைக் குழுவிடம் முறையிடலாம். 2006-இல் தொடங்கப்பட்ட இந்தியக் கால்பந்து வீரர்கள் சங்கம் இத்தகைய முறையீடுகளில் துணை நிற்கிறது. உறுப்பினராக இல்லாவிட்டால் சேர்ந்துகொள்ளுங்கள். ஆறப்போட வேண்டாம். இரண்டு ஆண்டு கடந்த கோரிக்கையை ஃபிஃபாவின் தீர்ப்பாயமே ஏற்பதில்லை.

வடக்கு கிளப் அனுப்பிய ஐந்து பக்க வரைவுக்கு வருகிறேன். சம்பளம் பரவாயில்லை. தங்குமிடம், சாப்பாடு, ஊர் திரும்ப டிக்கெட் எல்லாம் எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒன்பதாவது பிரிவைப் பாருங்கள்: ஆட்டம் திருப்தியாக இல்லை என்று கிளப் கருதினால் 15 நாள் முன்னறிவிப்பில் உங்களை நீக்கலாம். நீங்கள் விலக வேண்டுமானால் மட்டும் மூன்று மாதச் சம்பளத்தைக் கட்ட வேண்டும். இதை எழுதியவர்களுக்கே தெரியும், ஒரு வீரர் சரியாக ஆடவில்லை என்பது ஒப்பந்தத்தை முறிக்கப் போதுமான காரணம் அல்ல என்று. சுவிட்சர்லாந்தில் இருக்கும் விளையாட்டு நடுவர் மன்றம் வரை இதைத் தொடர்ந்து சொல்லி வந்திருக்கிறது. இருந்தும் எழுதுகிறார்கள், ஏனென்றால் டிசம்பர் மாதம் பையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போ என்றால், ரயில் ஏறிவிடுகிற வீரர்களே அதிகம். அந்தப் பிரிவை நீக்கச் சொல்லுங்கள்.

முடிவுத் தேதி இருக்க வேண்டிய இடத்தில் "லீக் முடியும் வரை" என்று போட்டிருக்கிறார்கள். தேதி வேண்டும். இந்தியக் கால்பந்தில் லீக் எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்பதை நம்பி வாடகை வீடு பிடிக்க முடியாது. 2025 ஜூலையில் ஐஎஸ்எல் சீசன் நிறுத்தி வைக்கப்பட்டபோது, நாட்டின் முதல் நிலை லீகில் ஆடுகிறவர்களுக்கே சில கிளப்கள் சம்பளத்தை நிறுத்தின. உங்களைப் போல அதற்கு அடுத்த நிலையில் ஆடுகிறவருக்குத் தேதி போட்ட தாளைத் தவிர வேறு பாதுகாப்பு இல்லை. உடல் பரிசோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று இன்னொரு வரியும் இருக்கிறது. ஃபிஃபா விதிப்படி அப்படி நிபந்தனை போட முடியாது. பரிசோதனை முதலில் நடக்கட்டும், கையெழுத்து அதன் பிறகு ஆகட்டும் என்று சொல்லுங்கள்.

காயத்தைப் பற்றி அந்த ஐந்து பக்கத்தில் ஒரு வார்த்தை இல்லை. எனக்கு மிகவும் கவலை தந்தது இதுதான். உங்கள் கரைக்காரர் மைக்கேல் சூசைராஜை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இரவிபுத்தன்துறையிலிருந்து புறப்பட்டு, சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர், கொல்கத்தா என்று ஆண்டுக்கு ஒரு படி ஏறியவர். 2020 நவம்பரில், அந்த ஐஎஸ்எல் சீசனின் முதல் ஆட்டத்தில், தொடங்கிக் கால் மணி நேரம்கூட ஆகாத நிலையில் முழங்கால் காயத்தோடு வெளியேறினார். பெரிய கிளப்பில் இருந்த ஒருவருக்கே அது எத்தனை பெரிய இழப்பு என்று அவர் ஆட்டத்தைப் பின்தொடர்ந்த எல்லோருக்கும் தெரியும். முழங்காலின் ஏசிஎல் தசைநார் கிழிந்தால் அறுவைச் சிகிச்சையும் மீட்சியுமாக ஒன்பது மாதம் வரை, சிலருக்கு அதற்கு மேலும் போய்விடும். நீங்கள் இதுவரை போட்ட ஒப்பந்தங்களே பத்து மாதம்தான். ஆகவே மூன்று விஷயங்கள் எழுத்தில் வர வேண்டும்: ஆட்டத்திலோ பயிற்சியிலோ பட்ட காயத்துக்கு முழுச் சிகிச்சைச் செலவும் கிளப்புடையது, காயத்தில் இருக்கும் காலத்துக்கும் சம்பளம் உண்டு, ஒப்பந்தம் முடிந்த பிறகும் அந்தக் காயத்துக்கான சிகிச்சை தொடரும். மூன்றாவதற்கு இழுப்பார்கள். முதல் இரண்டும் இல்லாமல் நீங்கள் ரயில் ஏறவே கூடாது.

சீசன் இல்லாத மாதங்களில் மலப்புறம் பக்கம் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆடுவதாக எழுதியிருக்கிறீர்கள். இரவு விளக்கு வெளிச்சத்தில், மூங்கில் காலரி நிறைந்த கூட்டத்தின் முன் ஆடும் அந்த ஆட்டத்தின் ருசி எனக்கும் தெரியும். ஆட்டம் முடிந்ததும் பணம் கைக்கு வந்துவிடுகிற நிம்மதியும் புரிகிறது. ஆனால் ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது ஆடினால் அது மீறலாகும். அங்கே பட்ட காயத்துக்கு எந்தக் கிளப்பும் பொறுப்பேற்காது. ஒப்பந்தம் இல்லாத இந்த இடைவெளியிலும், அடுத்த மாதம் துறைத் தேர்வை வைத்துக்கொண்டு ஆடாதீர்கள். அந்த மைதானங்களில் உங்கள் முழங்காலைப் பணயம் வைக்கும் மாதம் இதுவல்ல.

இனி, கடிதத்தின் நடுவே நீங்கள் கேட்ட பெரிய கேள்வி. தோற்றுவிட்டேனா என்கிறீர்கள்.

நிலைக்காதவன் என்று உங்களைச் சொல்கிறவர்கள், நிலைக்காமல் போன கிளப்களின் பட்டியலைப் பார்க்க வேண்டும். தேசிய லீகின் முதல் பட்டத்தை வென்ற பஞ்சாபின் ஜேசிடி 2011-இல் அணியைக் கலைத்தது. 2005-06-இல் அதே லீகை வென்ற மும்பையின் மஹிந்திரா யுனைடெட் 2010-இல் மூடப்பட்டது. நம் சென்னை சிட்டி, கோயம்புத்தூரில் ஆடி தேசிய லீகுக்குப் பின் வந்த ஐ-லீகின் 2018-19 பட்டத்தை வென்றபோது நானும் கொண்டாடினேன். சில ஆண்டுகளிலேயே அது அந்த லீகில் இல்லாமல் போனது. சாம்பியன்களின் கதையே இது. நீங்கள் ஆடிய ஏழு கிளப்களில் இரண்டு இன்று இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அங்கே ஆடிய இளைஞர்கள் பயிற்சி முடிந்து அறைக்கு வந்து, இனி அணி இல்லை என்ற செய்தியைக் கேட்டு, அடுத்த ஊருக்கு டிக்கெட் போட்டார்கள். அவர்களுடைய குணத்தில் என்ன குறை? உங்கள் தூத்தூர்க் கரையின் ஆழ்கடல் மீனவர்கள் கொச்சியில் படகைப் பிடித்து, குஜராத் கடல் வரை, லட்சத்தீவுக்கு அப்பால் வரை வாரக்கணக்கில் போய் வருகிறார்கள். மீன் இருக்கும் கடலுக்குப் போகிறவரை அந்த ஊரில் யாரும் நிலைக்காதவர் என்பதில்லை. உங்களுக்கும் அதே நியாயத்தைக் கேளுங்கள்.

உலகத்திலேயே அதிகக் கிளப்களுக்கு ஆடியவர் என்று 2017-இல் கின்னஸ் பதிவு செய்தது உருகுவேயின் செபாஸ்டியன் அப்ரூவை. சிலி நாட்டில் அப்போது அவர் சேர்ந்தது 26-ஆவது கிளப்; 2021-இல் ஓய்வு பெறும்போது எண்ணிக்கை முப்பதைத் தாண்டியிருந்தது. 2010 உலகக் கோப்பைக் காலிறுதியில் கானாவுக்கு எதிராக, பெனால்டி உதையில், கோல்கீப்பர் ஒரு பக்கம் பாய, பந்தை மெல்ல நடுவே தூக்கிவிட்டு உருகுவேயை அரையிறுதிக்குக் கொண்டுபோன அதே மனிதர்தான். அவருடைய வாழ்க்கையில் எனக்கு முக்கியமாகப் படுவது எண்ணிக்கை அல்ல. மொண்டேவீடியோவின் நசியோனல் கிளப்புக்கு அவர் திரும்பத் திரும்ப வந்து ஆடினார். ஒவ்வொரு முறையும் சண்டையில்லாமல் விடைபெற்றவரைத்தான் மறுபடியும் அழைப்பார்கள். உங்கள் கதையிலும் அது இருக்கிறது, கவனித்தீர்களா? கோவாவில் உங்களை ஆடவைத்த பயிற்சியாளர்தான் பிறகு மணிப்பூருக்கும் கூப்பிட்டிருக்கிறார். உங்கள் இடத்துக்கு ஒவ்வொரு சீசனும் ஊருக்கு இருபது பேர் போட்டியிடும் நாட்டில், ஒன்பது சீசன் ஒருவர் விடாமல் சம்பளத்துக்கு ஆடியிருக்கிறார் என்றால், ஏழு ஊர்களில் பயிற்சியாளர்கள் அவரைப் பார்த்துவிட்டு வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள் என்று பொருள். நீங்கள் தோற்கவில்லை, தம்பி. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை.

ஆனாலும் 28 வயதில், ரைட் பேக் இடத்தில், இன்னும் எத்தனை சீசன் என்ற கணக்கு உங்கள் மனைவிக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதனால் என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். துறை அணியின் தேர்வுக்குப் போங்கள். வேலை ஆணை கைக்கு வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆட்டம் அதோடு நின்றுவிடாது. சென்னை லீகில் துறை அணிகள் பல பத்தாண்டுகளாக ஆடி வருகின்றன; ஐசிஎஃப், இந்தியன் பேங்க், கஸ்டம்ஸ் என்று அந்த அணிகளை எதிர்த்துத்தான் நீங்களே ஆடத் தொடங்கியிருப்பீர்கள்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டில் தகுதியாகக் கணக்கில் வருவது நாட்டுக்காகவோ மாநிலத்துக்காகவோ பல்கலைக்கழகத்துக்காகவோ மாநிலப் பள்ளி அணிக்காகவோ ஆடியது. ஐ-லீகில் ஒரு கிளப்புக்கு நூறு ஆட்டம் ஆடியிருந்தாலும் அது தனியாக அந்தத் தகுதியைத் தராது. உங்களுக்குக் கைகொடுக்கப் போவது சந்தோஷ் டிராபியில் ஆடிய அந்த இரண்டு முறைதான். அதற்கான சான்றிதழ் குறிப்பிட்ட படிவத்தில், மாநிலச் சங்கச் செயலாளரின் கையொப்பத்தோடு இருக்க வேண்டும். போட்டியில் தந்த பங்கேற்புச் சான்றிதழ் போதாது. தேர்வுக்கு முந்தைய வாரம் சங்க அலுவலகத்தில் அலைவதைவிட இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். வயது வரம்பையும் பாருங்கள். தகுதியுள்ள விளையாட்டு வீரர்களுக்கு ஐந்து ஆண்டு வரை தளர்வு உண்டு. ஆனால் எந்தத் தேதிக்கு வயதைக் கணக்கிடுகிறார்கள் என்பது அறிவிப்பில்தான் இருக்கும். அடுத்த முறை அழைப்பு வரும்போது இந்தக் கதவு உங்களுக்குத் திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது. வடக்கு கிளப்பைப் போன்ற இன்னொரு கிளப் அடுத்த ஆண்டும் வரும்.

இரண்டையும் ஒன்றாகப் பிடிக்க முயல வேண்டாம். வடக்கே கையெழுத்துப் போட்டுவிட்டு நடுவில் வேலை ஆணை வந்தால், ஒப்பந்தத்தை முறித்ததற்கு இழப்பீடு கேட்பார்கள். அதோடு, தொழில்முறை வீரராக ஆடிய கடைசி ஆட்டத்திலிருந்து 30 நாள் கழிந்தால்தான் துறை அணிக்காக அமெச்சூராக (சம்பள ஒப்பந்தம் இல்லாமல் ஆடுபவராக) மறுபதிவு செய்ய முடியும். ஆகவே தேர்வு முடியும் வரை வடக்கு கிளப்பிடம் அவகாசம் கேளுங்கள். ஒன்பதாவது பிரிவு, முடிவுத் தேதி, காயம் ஆகியவற்றில் நீங்கள் கேட்கும் மாற்றங்களை எழுதி அனுப்பினால் அந்தப் பேச்சிலேயே சில வாரங்கள் போகும். இரண்டு நாள் கெடு என்பது ஏஜென்ட் போட்டது. கிளப்கள் புதிய வீரர்களைப் பதிவு செய்யும் காலம் அதைவிட நீண்டது. அது முடியுமுன் ஒப்பந்தம் முடிந்திருந்த வீரரை அதற்குப் பிறகும் பதிவு செய்ய விதியில் வழி இருக்கிறது. காத்திருக்கும்போது அந்த இடத்துக்கு அவர்கள் வேறொருவரை எடுத்துவிடலாம் என்பது உண்மை. அந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன். தேர்வில் இடம் கிடைக்காமல் போனால், திருத்திய ஒப்பந்தத்தோடு தயங்காமல் வடக்கே போங்கள். போகிற ஆண்டிலேயே சம்மேளனத்தின் டி உரிமப் பயிற்சியாளர் வகுப்பையும் முடித்துவிடுங்கள். சி, பி, ஏ என்று ஆசியக் கூட்டமைப்பின் உரிமங்கள் அதற்கு மேல் இருக்கின்றன. பல விதமான பயிற்சியாளர்களிடம் ஆடிய அனுபவத்துக்கு அந்த வகுப்பில் நல்ல மதிப்பு உண்டு.

பணத்தைப் பற்றி ஒன்று. கிளப்கள் உங்கள் சம்பளத்தில் 10% டிடிஎஸ் பிடித்திருக்கின்றன. வருமானவரிக் கணக்குத் தாக்கல் செய்ததே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வருமான அளவுக்கு, பிடித்த பணத்தில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்க வேண்டியது. பழைய ஆண்டுகளில் எதற்கெல்லாம் இன்னும் தாக்கல் செய்ய முடியும் என்று ஒரு ஆடிட்டரைப் பாருங்கள். ஒவ்வொரு கிளப்பிடமிருந்தும் டிடிஎஸ் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

மகளை ஊருக்கு அருகில் உள்ள பள்ளியிலேயே சேர்த்துவிடுங்கள். துறை வேலை கிடைத்தாலும் ஆணை வந்து பணியில் சேர மாதங்கள் ஆகும். வடக்கே போனால் குடும்பம் ஊரில்தான் இருக்கப்போகிறது. சென்னையில் பணி அமைந்தால் அடுத்த ஜூனில் மாற்றிக்கொள்ளலாம். மனைவியிடம் இந்த இரண்டு வழிகளையும் தேதியோடு சொல்லுங்கள். அவர் கேட்பது எப்போது என்ற பதிலைத்தான் என்று உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குத் தோன்றியது.

நிலுவைக் கடிதத்தின் மாதிரியை உங்கள் மின்னஞ்சலுக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன். தொகையையும் தேதிகளையும் நிரப்பி, இந்த வாரமே அனுப்பிவிட்டு, தபால் ரசீதின் படத்தை எனக்கு அனுப்புங்கள்.